எஃப்.சி.க்கு முன் பிரேக் ஆயில்

பழைய கார் வைத்திருப்பவரிடம் ஊரார் கேட்கும் முதல் கேள்வி, “15 வருஷம் தாண்டிவிட்டதே, இன்னுமா ஓட்டுகிறீர்கள்?” என்பதுதான். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் தடை என்று செய்தி வந்ததிலிருந்து, நாடு முழுவதும் அதே சட்டம்தான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். கோத்தகிரி மார்க்கெட்டில் பீன்ஸ் வாங்கப் போன இடத்தில்கூட எனக்கு இலவச ஆலோசனை கிடைத்தது: “எடைக்குப் போட்டுவிடுங்கள் டீச்சர்.” தமிழ்நாட்டில் அப்படியொரு தடை இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டி, தகுதி இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். லாரிக்கும் டாக்சிக்கும் எடுப்பது எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, சொந்தக் காருக்குச் செய்வது பதிவுப் புதுப்பிப்பு என்று அலுவலகத்தில் பிரித்துச் சொல்வார்கள். ஊரில் இரண்டுக்கும் எஃப்.சி. காட்டுவது என்றுதான் பேச்சு. நானும் அப்படியே எழுதுகிறேன்.

காட்ட வேண்டிய வண்டி என் பெயரில் இல்லை. சித்தப்பாவின் 1999ஆம் ஆண்டு மாருதி 800. நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. 2020இல் ஊரடங்குக்குச் சற்று முன்பு அவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போனார். குளிர் இல்லாத ஊர் முழங்காலுக்கு ஒத்துக்கொண்டது, அங்கேயே தங்கிவிட்டார். கார் எங்கள் வீட்டுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றது. 2014இலும் 2019இலும் புதுப்பித்த பதிவு 2024இல் முடிய இருந்தது. “ஓட்டுவதென்றால் நீயே எடுத்துக்கொள் கண்ணு, இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடு” என்று போனில் சொன்னார். இரண்டாவது பாதியை அவர் மனதார சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

காகித வேலையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். புதுப்பிப்புக்குப் படிவம் 25. பதிவு முடிய 60 நாட்கள் இருக்கும்போதிருந்து விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் பிறகு 5,000 ரூபாய் ஆனது. தேதியைத் தவறவிட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அதையும் 10,000 ஆக்கிவிட்டார்கள், நாங்கள் முந்திக்கொண்டோம். இதற்கு மேல் பசுமை வரி, குறைந்தபட்சம் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. புகைச் சான்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாற்காலியை விட்டு எழாமல் முடித்துவிடலாம். புகைச் சான்றுக்கு எஞ்சின் ஓட வேண்டும். எங்கள் எஞ்சின் ஓடவில்லை.

எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்வது என்றதும் பலருக்கு நினைவு வருவது டிங்கரிங், பெயிண்டிங், டயருக்குக் கறுப்புப் பாலிஷ். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளரின் கண்ணில் படுவதை ஒழுங்குபடுத்தினால் போதும் என்ற கணக்கு. சமவெளியில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். மலையில் செல்லாது. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சில நிமிடங்கள் பார்ப்பார். அவரிடம் காட்டுவதற்கே கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறி, அங்கிருந்து ஊட்டிக்குள் இறங்க வேண்டும். அந்தச் சாலையில் ஒழுங்காகப் போய்ச்சேரும் வண்டி அலுவலக வாசலில் தோற்பது அபூர்வம். அலுவலகத்தில் தேறிய வண்டி மறு வாரமே மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் இல்லாமல் தவிப்பதோ நடக்கக்கூடிய காரியம். ஆகவே பணத்தை எங்கிருந்து செலவழிக்கத் தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. பெயிண்ட் கடைசி. அதற்குள் பணம் தீர்ந்துவிட்டால் பெயிண்டே வேண்டாம்.

கோத்தகிரிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டித் தீர்த்தால் எங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும். மழை ஓய்ந்தால் மூடுபனி. தகரக் கூரை மழையைத் தடுக்கும், ஈரத்தை என்ன செய்ய முடியும்? கதவைத் திறந்தபோது ஸ்டீயரிங் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. சீட் பெல்ட்டை இழுத்தால் பாதி வந்தது, வந்தது திரும்பச் சுருளவில்லை. பின்சீட்டின் பஞ்சில் ஒரு பங்கைக் காணோம். அது எங்கே போயிற்று என்பது பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றியபோது தெரிந்தது. சீட்டுப் பஞ்சு, கோணிச் சாக்கின் நார், இன்ஷூரன்ஸ் காகிதத்தின் துணுக்குகள் எல்லாம் சேர்த்து ஓர் எலிக் குடும்பம் அங்கே சொகுசாக வீடு கட்டியிருந்தது. குடும்பம் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. போகும் வழியில் ஹெட்லைட்டுக்குப் போகும் வயரைக் கடித்துவிட்டுப் போயிருந்தது.

மெக்கானிக் அண்ணன் இவற்றையெல்லாம் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்டேட் ஜீப்புகளோடு நாற்பது வருடம் குப்பை கொட்டியவர். நேராக முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் காற்றுப் போகும் சல்லடைக்குள் விரலை விட்டார். சில்வர் ஓக் இலைகள் மட்கி, கறுத்த எருவாகக் கையில் வந்தன. கொட்டகையின் முன்பக்கத் தகரம் ஒன்று எப்போதோ காற்றில் விலகியிருந்தது. அங்கே விழுந்த மழைநீர் வடிந்து போக வேண்டிய ஓட்டையை இந்த எரு அடைத்திருக்கிறது. தேங்கிய நீர் ஹீட்டர் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அவர் ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்கினார். அடியில் இருந்த சணல் விரிப்பு நனைந்து கனத்தது. அதையும் தூக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தகட்டில் வைத்து லேசாக அழுத்தினார். முனை மறுபக்கம் போய்விட்டது. அந்தச் சிறிய ஓட்டை வழியாகக் கொட்டகையின் மண் தரை தெரிந்தது.

“ஓடித் தேய்ந்த வண்டி என்றால் எது தேய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் டீச்சர். நின்று கெட்ட வண்டி அப்படி இல்லை. எங்கே கெட்டிருக்கிறது என்று தேடத்தான் வேண்டும்.”

பிளாட்பாரம் என்று சொல்லும் காரின் தரைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். டிங்கரிங்கில் நான் மனமாரச் செலவு செய்தது அந்த ஒரு வேலைக்குத்தான். சீட்டும் பெல்ட்டும் அந்தத் தகட்டை நம்பித்தான் நிற்கின்றன. கதவுகளின் அடியோரத்தில் துரு எட்டிப் பார்த்த இடங்களில் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே வெள்ளை அடித்ததோடு சரி. பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு வெள்ளைகளும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அதற்காக யாரும் வண்டியைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

பெட்ரோலுக்கு வருவோம். டேங்கில் மிச்சமிருந்ததைக் கீழே இறக்கி ஒரு வெள்ளை வாளியில் பிடித்தோம். பெட்ரோல் வாசனை போய், வார்னிஷ் நெடி. வாளியின் அடியில் துருத் தூளும், தனியாகப் பிரிந்து நின்ற நீரும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறும்போது நீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். தகர டேங்க் அங்கேதான் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. பாதி காலியான டேங்கோடு ஈரமான ஊரில் ஆண்டுக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் இதுதான் நடக்கும். நிறுத்தும்போது டேங்கை நிரப்பிவிட்டுப் போவார்கள் பழைய ஆட்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். டேங்கைக் கழற்றி அலசி, ஃபில்டர் மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துளைகளை ஊதி எடுத்தார் அண்ணன். மிதவைக் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் வற்றி, மஞ்சள் பிசினாக ஒட்டியிருந்தது.

நின்ற எஞ்சினில் உடனே செல்ஃப் அடிக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும், ஆனால் புது பேட்டரி மாட்டியதும் கை சும்மா இருக்காது. பிளக்குகள் மூன்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டோம். மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினார். முதலில் அடம், பிறகு ஒரு சின்ன முனகல், அப்புறம் தாராளமாகச் சுற்றியது. அதற்குப் பிறகு ஆயில் மாற்றி, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்டினார். டைமிங் பெல்ட்டையும் அப்போதே மாற்றச் சொன்னேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பருக்கு கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. கொண்டை ஊசி வளைவின் நடுவில் அது அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வண்டி உறுமியதைக் கேட்டு மேலே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். சித்தப்பாவுக்குப் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். “சோக்கை உள்ளே தள்ளு, ரொம்ப நேரம் இழுத்து வைக்காதே” என்றார். 70 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு.

எஞ்சின் ஓடுகிறது, கியர் விழவில்லை. ஈரத்தில் நின்ற வண்டியின் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பெடலை மிதித்தாலும் பிரியாது. கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லாமல் அண்ணன் அதை விடுவித்தார். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி இரண்டாவது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, செல்ஃபை ஒரு தட்டு தட்டினார். வண்டி ஒரு குலுக்கல் குலுக்கியது. ‘டொக்’ என்று பிரிந்த சத்தம் கேட்டது. தெரியாதவர்கள் செய்து பார்க்க வேண்டாம். முன்னால் சுவரோ மனிதரோ இருந்தால் வம்பு.

இனி பிரேக். சொல்லப்போனால் நான் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

மாருதி 800இல் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சித்தப்பா மலைக்காரர். வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகிற ஆள் அல்ல. முதல் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். கொட்டகையில் அந்தக் கல் அதே இடத்தில் இருந்தது. அதனால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டவில்லை, கேபிளும் இறுகவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்த நிலையில் விட்டிருந்தால் டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் கழற்றியிருக்க வேண்டும்.

ஆனால் டிரம்மைக் கழற்றியதும் அந்த நிம்மதி போய்விட்டது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை அண்ணன் நகத்தால் விலக்கினார். உள்ளிருந்து பழுப்பு நீர் ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, ஷூவின் மேல் விழுந்தது. பிஸ்டனை உந்தினால் ஒரு பக்கம் நகர்ந்தது, மறுபக்கம் அசையவில்லை. அதாவது பெடலை மிதித்தால் அந்தச் சக்கரத்தில் பாதி பிரேக்தான் பிடிக்கும். மேலே பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவில் இருந்தது டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. புதிதாக ஊற்றும்போது அது ஏறக்குறைய நிறமற்ற, இளமஞ்சள் திரவம்.

பெயர்தான் ஆயில். அது எண்ணெய் கிடையாது, கிளைகால் வகைத் திரவம். அதன் குணமே ஈரத்தை உறிஞ்சுவது. நம் கார்களில் சாதாரணமாக ஊற்றும் டாட் 3 தரத்துக்கான விதி, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்கிறது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரி. ஈரம் என்றால் எவ்வளவு? நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. ரப்பர் குழாய்களின் வழியாகவும் டப்பா மூடியின் வழியாகவும் சிறுகச் சிறுக அவ்வளவு ஈரம் சில ஆண்டுகளில் உள்ளே போய்விடும், வண்டி ஓடினாலும் சரி, நின்றாலும் சரி.

சமவெளியில் இந்த 65 டிகிரி வித்தியாசம் பலருக்கு ஆயுள் முழுவதும் தெரியாமலே போகலாம். இங்கே கணக்கு வேறு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். 33 கிலோமீட்டர் சாலையில் அவ்வளவு உயரத்தையும் இறங்க வேண்டும். இறங்கும் வண்டியின் வேகத்தை எஞ்சின் தடுக்க வேண்டும், அல்லது பிரேக் தடுக்க வேண்டும். பிரேக் தடுப்பது என்றால் அந்த வேகம் முழுவதும் டிஸ்க்கில் வெப்பமாக மாறுகிறது. மூன்றாவது கியரிலோ நியூட்ரலிலோ போட்டுவிட்டு, பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் டிஸ்க் பழுக்கும், வெப்பம் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு ஏறும், உள்ளே இருக்கும் திரவத்தில் நீர் கொதித்துக் குமிழி கட்டும். திரவத்தை அழுத்தினால் அது அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் குமிழி மறைந்து பெடல் பழையபடி ஆகிவிடும். அதனால்தான் பல விபத்துகளுக்குப் பிறகு வண்டியைச் சோதித்தால் பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். மலைச்சாலைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. ஏறிய கியரிலேயே இறங்கு என்பதுதான் இங்கே ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் பாடம். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வரும் சுற்றுலாப் பயணிகள் அந்தப் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு மேட்டுப்பாளையம் வரை பிரேக் விளக்கு எரிந்தபடியே இறங்குகிறார்கள்.

இன்ஸ்பெக்டர் இந்த ஆயிலின் நிறத்தைப் பார்க்க வாய்ப்பில்லை. சமதளத்தில் பத்து மீட்டர் ஓட்டி மிதித்துப் பார்த்தால் பழைய ஆயிலும் நன்றாகவே பிடிக்கும்.

பின்சக்கரங்களின் வீல் சிலிண்டர்கள், ஷூ, முன் பேட், முன் ஹோஸ் குழாய்கள், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்கள் எல்லாம் புதிது. பிளீடிங், அதாவது பிரேக் குழாய்களிலிருந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் வேலை, செய்யும்போது பெடல் மிதிக்கும் வேலை எனக்கு. மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கினோம். “மிதியுங்கள், மிதியுங்கள், பிடியுங்கள்” என்று காருக்கு அடியிலிருந்து குரல் வரும். பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் நிப்பிளைத் திறப்பார், பெடல் காலுக்குக் கீழே நழுவும். “விடாதீர்கள்!” நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துவிடும். கண்ணாடிப் பாட்டிலில் அமிழ்த்திய குழாயில் முதலில் பழுப்பு, பிறகு குமிழி, பிறகு கலங்கல், கடைசியில் தெளிந்த இளமஞ்சள். நான்கு சக்கரமும் முடிந்தபோது பெடல் பாதி தூரத்திலேயே கல்லாக நின்றது.

டயர் விஷயத்திலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். காருக்குச் சட்டம் கேட்கும் பட்டன் ஆழம், அதாவது டயர் வரிப்பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டர். எங்கள் டயர்களில் அதைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்க எண் 3115 என்றது, 2015ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் தயாரானவை. விரலால் வளைத்துப் பார்த்தால் பக்கச் சுவர் முழுக்க மயிரிழை வெடிப்புகள், நின்ற இடத்தில் தட்டையாகவும் ஆகியிருந்தன. எஃப்.சி.க்குப் போதும். எனக்குப் போதாது. ஸ்டெப்னி உட்பட மாற்றினோம். 12 அங்குல டயர் இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை, கோயம்புத்தூரில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஹார்ன், வைப்பர் பிளேடு, இண்டிகேட்டர், கறுத்துப்போன ஹெட்லைட் ரிஃப்ளெக்டர் எல்லாம் அரை நாள் வேலை. சீட் பெல்ட்டை மட்டும் பழுது பார்க்க முடியவில்லை, வேறு வாங்கி மாட்டினோம்.

பிறகு புகை. இது மலைக்கென்றே உள்ள தலைவலி.

கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது. காற்று உள்ளே பாயும் வேகத்துக்கு ஏற்பப் பெட்ரோலை விடும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாததால் கலவை கெட்டியாகிவிடும். மிச்சப் பெட்ரோல் பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். பிளக் கறுக்கும், இழுவை போகும். 37 குதிரைத்திறன் என்று சொல்லிக்கொள்ளும் எஞ்சினில் மேலே வரும்போது முப்பதை நெருங்கித்தான் மிஞ்சும். சென்சாரும் கம்ப்யூட்டரும் உள்ள புது வண்டிகள் இதைத் தாமே சரி செய்துகொள்கின்றன. 1999ஆம் ஆண்டு மாருதிக்கு அந்த மூளை கிடையாது, அண்ணனின் ஸ்க்ரூ டிரைவர்தான் மூளை.

பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதிக்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி, ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம். தாராளமான வரம்புதான். அப்படியும் முதல் சோதனையில் வண்டி 4 சதவீதத்தைத் தாண்டியது. சோதனை மையத்தில் இருந்த பையன் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினான். அண்ணன் அசரவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஊரை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். வந்ததும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, கேட்டார்; இன்னும் சற்று உள்ளே, கேட்டார்; எஞ்சின் தடுமாறத் தொடங்கியதும் ஒரு மயிரிழை வெளியே. காதைத் தவிர வேறு மீட்டர் அவரிடம் இல்லை. அடுத்த சோதனையில் 2க்குக் கீழே வந்தது.

“இந்த செட்டிங்கோடு கோயம்புத்தூர் போகாதீர்கள். கீழே காற்று கனம். பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடாகும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறும்” என்றார். மலைக்கு ஒரு செட்டிங், சமவெளிக்கு ஒரு செட்டிங். அந்தக் காலத்தில் மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி ஜெட் மாற்றிக்கொண்டு மலையேறியவர்களைத் தனக்குத் தெரியும் என்றார். ஏற்றத்தில் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி அடைத்துக்கொண்டால் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பதை நானே சின்ன வயதில் பர்லியாறில் பார்த்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்டர் தவறாமல் பார்ப்பது சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும். சேஸிஸ் நம்பர் பானெட்டுக்குள், பின்சுவர்த் தகட்டில் குத்தியிருக்கும். எங்கள் வண்டியில் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் ஏறி, நடுவில் இரண்டு இலக்கங்கள் தெரியவில்லை. உப்புத்தாள் எடுத்தவளின் கையை அண்ணன் பிடித்து நிறுத்தாத குறை. தேய்த்த தகடு பளபளக்கும், நம்பரைத் திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்பும். டீசலில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்து ஊறவிட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னார். ஒவ்வொரு இலக்கமாகத் துலங்கியது. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியில் எல்லா இலக்கங்களும் விழுந்தன. ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் படித்தோம். சரியாக இருந்தது.

ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பள்ளி வேன், ஒரு பிக்கப், பின்னால் ஓர் ஆட்டோ. இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்தார். ஹெட்லைட்டை டிம், பிரைட் மாற்றச் சொன்னார். இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர். பெல்ட்டை இழுத்து விட்டார், அது சட்டென்று சுருண்டுகொண்டது. டயரைக் குனிந்து பார்த்தார். சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுக்கச் சொன்னார். வண்டி அசையவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக் போடச் சொன்னார். இரண்டு வெள்ளைகளையும் கவனித்தாரா என்று தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை. “யார் வண்டி?” என்றார். சித்தப்பாவின் கையெழுத்தையும் கடிதத்தையும் காட்டினேன். “நன்றாக வைத்திருக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்குப் போய்விட்டார்.

பதிவு 2029 வரை கிடைத்தது. டி.என். 43 என்ற நம்பருக்கு இப்போது இன்னொரு மதிப்பும் கூடியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், உள்ளூர்ப் பதிவு வண்டிக்கு வேண்டாம். சித்தப்பாவின் மகன் தன் புதுக் காரில் வரும்போதெல்லாம் இ-பாஸ் எடுத்துக்கொண்டிருக்க, அவர் அப்பாவின் பழைய மாருதி சோதனைச் சாவடியை நிற்காமல் கடக்கிறது. சித்தப்பா இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆன செலவைக் கேட்டால், வண்டியை விற்றால் வரும் விலையைவிட அதிகம். கேட்கிறவர்களிடம் சொல்வதற்கு எனக்கு நல்ல பதிலும் கிடையாது. பிரேக்குக்கும் டயருக்கும் போனது பாதிக்கு மேல், எஞ்சினுக்குக் கால் பங்கு, மிச்சம் தகட்டுக்கும் கட்டணத்துக்கும். பெயிண்டுக்குப் போனது ஒரு சின்ன டப்பாவின் விலை.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் பங்கு 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 1999இல் போட்ட ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல. உள்ளிருந்து மென்மையாகி, கசியத் தொடங்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதை நினைக்கவே பிடிக்கவில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரையிலும், பம்ப்பிலிருந்து கார்புரேட்டர் வரையிலும் எத்தனாலைத் தாங்கும் குழாய் மாற்ற வேண்டும், கார்புரேட்டரின் உள் வாஷர்களும்தான். கோயம்புத்தூர்க் கடைக்காரர் அளவு கேட்டிருக்கிறார். சனிக்கிழமை அண்ணன் வந்து அளந்து சொல்வதாக இருக்கிறார், மழை விட்டால்.